சித்தி ஏறினால் இருமிய கார்

நம் வயதுக்காரர்களில் யாராவது சின்ன வயதில் ‘நல்ல சகுனம்’ என்ற உத்தியோகம் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். சம்பளம் கிடையாது, ஒரு கடலை உருண்டை உண்டு. வேலை இதுதான்: வீட்டிலிருந்து கார் கிளம்பும்போது பாவாடை சட்டையில், தலை கொள்ளாத கனகாம்பரத்தோடு, நிறைகுடம் ஏந்தி எதிரே நடந்து வரவேண்டும். ஏதோ தற்செயலாக வருவதுபோல வரவேண்டும் என்பதுதான் அதிலிருந்த சிரமம். பெரியம்மா வாசலில் நின்று முந்தானையை உதறுவார். நான் தெருமுனையிலிருந்து புறப்படுவேன். ஒருநாள் செருப்புக் கடித்து நொண்டிக்கொண்டு வந்தேன். “சகுனமே நொண்டுது பாரு” என்று பெரியப்பா பயணத்தையே தள்ளிவைத்துவிட்டார். இன்று எனக்கு இரண்டு முழங்காலும் நொண்டுகின்றன. யாரும் எதையும் தள்ளிவைப்பதில்லை.

போன வாரம் மகனோடு காரில் போனபோது ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. வண்டி லேசாக உலுக்கியது. “மிஸ்ஃபயர்மா, காயில் போயிருக்கும்” என்றான். பட்டறையில் ஒரு பையன் கையளவு கருவியை மாட்டிப் பார்த்து எந்த சிலிண்டர் என்றுகூடச் சொன்னான். ஒரு காயிலை மாற்றினார்கள். முடிந்தது. வண்டியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. உங்களுக்கு இது சாதாரணமாக இருக்கலாம். எனக்கு ஏ.சி. இல்லாமலே உடம்பு சில்லிட்டது. அட, இவ்வளவுதானா? இந்த இருமலுக்கா எங்கள் வீட்டில் அந்தப் பாடு பட்டோம்?

அப்போது எங்கள் வீடு கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில். பெரியப்பாவும் பெரியம்மாவும், என் அப்பாவும் அம்மாவும், சித்தப்பாவும், நானும் ஒரே அடுப்பில் சாப்பிட்டோம். பெரியப்பாவுக்கு இரும்புக் கடை. வாசலில் வெள்ளைக் கார் ஒன்று நிற்கும். உப்பிய கன்னமும் உருண்டைக் கண்ணுமாக, விருந்து சாப்பிட்டுவிட்டு அசந்திருக்கும் மாமனார் போன்ற முகம் அதற்கு. உள்ளே ஏறினால் சுட்ட ரெக்சின், பெட்ரோல், வாடிய மல்லிகை, பெரியப்பாவின் புகையிலை எல்லாம் கலந்த ஒரு வாசனை. அந்த வாசனைக்கு நான் புதுச்சத்திரம் வருவதற்குள் வாந்தி எடுப்பேன். எனக்கென்றே நசுங்கிய அலுமினியக் குவளை ஒன்று பின்சீட்டுக்கு அடியில் இருந்தது. சகுனமாக எதிரே வந்துவிட்டு, காரைச் சுற்றி ஓடிப்போய்ப் பின்கதவில் ஏறி, கொஞ்ச தூரத்தில் வாந்தியும் எடுக்கிற சகுனம் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். காரும் போய்விட்டது, குவளையும் போய்விட்டது. குவளையைத்தான் சில நேரம் நினைத்துக்கொள்கிறேன்.

பெரியப்பாவுக்குக் கார் என்றால் பக்தி. ஊரில் மற்றவர்கள் வண்டிக்கு முன்னால் கற்பூரம் காட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பெரியப்பாவுக்கு அது போதாது. “மூஞ்சிக்கு பொட்டு வெச்சா ஆச்சா? உசுரு எங்க இருக்குதோ அங்க வெக்கணும்” என்று பானெட்டைத் திறப்பார். இஞ்சினின் பக்கவாட்டில் கறுப்பாக, உருண்டையாக ஒரு மூடி உட்கார்ந்திருக்கும். அதன் தலையிலிருந்து ஐந்து தடித்த ஒயர்கள் எழும்பி வளையும். ஐந்துதலை நாகம் குடை பிடிக்க, அடியில் ஒரு சின்னக் கறுப்புச் சாமி இருப்பதுபோலவே தோன்றும். அதற்கு டிஸ்ட்ரிபியூட்டர் என்று பெயர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. பெரியப்பாவுக்கு அது வண்டியின் சாமி. அதற்குச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, என் குடத்துத் தண்ணீரில் ஒரு கை, பன்னீர்ச் செம்பிலிருந்து நாலு சொட்டு, உடைத்த தேங்காயின் தண்ணீர் என்று வரிசையாக வார்ப்பார். கடைக்குப் போய்வரும் அன்றாட ஓட்டத்துக்கு இது கிடையாது. ஆயுத பூசைக்கு உண்டு. அன்றைக்கு வண்டி வாசலைத் தாண்டாது. நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் உண்டு. எங்கள் வீட்டில்தான் வெகுகாலமாக நல்ல காரியமே இல்லையே.

அந்த வருஷம் வைகாசியில் நடந்தது. சித்தப்பாவுக்குச் சிதம்பரத்தில் பெண் எடுத்தார்கள். கூட்டத்துக்குக் கார் போதாதென்று, நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் ரயிலில் போய்வந்தோம்.

சித்தியின் அப்பா கீழ வீதிக்குப் பின்னால் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். சித்தி ஸ்பீக்கர்களுக்கு நடுவில் வளர்ந்தவர். எதைப் பார்த்தாலும் நகத்தால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பார். வந்த மறுநாளே எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது இன்னும் ரெண்டு நாள்ல நின்னுடும்” என்றார். நின்றுவிட்டது. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. பெரியம்மாவுக்கு அன்றைக்கே பிடிக்காமல் போனது.

மறுவீட்டுக்குச் சிதம்பரம் கிளம்பினோம். பூசையென்றால் அப்படியொரு பூசை. என் குடத்தில் பாதி காலி. பெரியப்பா ஓட்ட, சித்தப்பா முன்சீட்டில்; பின்சீட்டில் பெரியம்மா, சித்தி, குவளையோடு நான். ஓ.டி. என்கிற பழைய கடலூரைத் தாண்டி உப்பனாற்று வாடை மூக்கில் ஏறிய இடத்தில் ‘ட்டப்’ என்றது. கார் ஒரு தரம் விக்கியது. பிறகு இருமியது. நெஞ்சுச் சளிக்காரர் இருமுவதுபோல அடிவயிற்றிலிருந்து இருமியது. ஒவ்வோர் இருமலுக்கும் நாங்கள் எல்லோரும் ஒன்றாகத் தலையாட்டினோம். கொஞ்ச தூரத்தில் நின்றேவிட்டது.

பெரியப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உறைந்து உட்கார்ந்திருந்தார். “இந்த வண்டி நின்னதே இல்லியே” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பெரியம்மா சித்தியின் பக்கம் திரும்பினார். திரும்பினார், அவ்வளவுதான். சித்தப்பா இறங்கித் தள்ளினார். நான் வாந்தி எடுத்தேன். புவனகிரி வருவதற்குள் கார் தானாகவே தெளிந்து, ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தபோதும் துளி இருமல் இல்லை.

ஆடிக்குத் தாய்வீடு அனுப்பும்போது மறுபடியும் அதேதான். ஓ.டி. தாண்டியதும் ட்டப், விக்கல், இருமல். புவனகிரியில் சொஸ்தம். அழைத்துவரப் போனபோது சித்தி வண்டியில் இல்லை. பூசையும் இல்லை, அழைத்துவரப் போவதற்கெல்லாம் பெரியப்பா தேங்காய் உடைப்பதில்லை. கார் சிட்டாகப் பறந்தது. வீட்டில் எல்லோரும் சித்தி இல்லை என்ற பாதியைத்தான் கவனித்தார்கள்.

பெரியப்பா காரை ஓ.டி. பட்டறைக்கு ஓட்டிப்போனார். நானும் தொற்றிக்கொண்டேன். பட்டறைக்காரரை ஊரே ‘மெக்கானிக் பாய்’ என்றுதான் கூப்பிடும். வேலையில் சுத்தமானவர், வாய்தான் சும்மா இருக்காது.

“மிஸ்ஸிங்கு எப்ப எப்ப வருது மொதலாளி? ஏத்தத்துலயா, சூடானாவா?”

பெரியப்பா தொண்டையைச் செருமினார். “எந்தம்பி சம்சாரம் ஏறுனா வருது.”

பாய் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். “அது எந்த பார்ட்டுன்னு தெரியலியே மொதலாளி. அதுக்கு ஸ்பேரும் கெடைக்காது.”

பட்டறைப் பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரியப்பா சிரிக்கவில்லை.

பாய் பிளக்குகளைக் கழற்றிக் கரி சுரண்டினார். பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இடைவெளி வைத்தார். கண்டென்சரை மாற்றினார். அந்தக் கறுப்பு மூடியைக் கழற்றும்போது மட்டும் அதன் மேல் காய்ந்திருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் பார்த்தார். ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, உள்ளே வேலையை முடித்து, சந்தனம் உதிராமல் திரும்ப வைத்தார். சாவடி வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். தையல் மிஷின் மாதிரி ஓடியது. “வண்டியில ஒண்ணும் கோளாறு இல்ல மொதலாளி” என்றார் பாய்.

அன்று மாலை எங்கள் வீட்டு முற்றத்தில் அந்தப் பேச்சு வேறு உருவத்தில் உட்கார்ந்திருந்தது. பெரியம்மா பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “மெக்கானிக்கு பாயே சொல்லிட்டாராம். வண்டியில கோளாறு இல்லியாம். கோளாறு வேற எடத்துலியாம். அதுக்கு ஸ்பேரே இல்லியாம்.”

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அது பாய் அடித்த ஜோக் என்று எனக்குத் தெரியும். ஒரு ஜோக் தெருவைத் தாண்டி வருவதற்குள் தீர்ப்பாக மாறிவிடும் என்பது மட்டும் தெரியாது. வாயைத் திறந்தபடி நின்றேன். “வாய மூடு, ஈ பூந்துடும்” என்றார் பெரியம்மா. மூடிக்கொண்டேன்.

பழி ஒரேயடியாகச் சித்தியின் மேலேயே நிலைத்துவிடவில்லை. நடுவில் என் மேல் ஒருமுறை விழுந்தது. “பாப்பாவுக்கு முன்பல்லு விழுந்துடுச்சி. பல்லில்லாத சகுனம் எப்பிடி பலிக்கும்?” என்று பெரியப்பா கண்டுபிடித்தார். என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டுப் பால்காரரின் பசுமாட்டை அமர்த்தினார்கள். அடுத்த முறை சித்தியைத் திருவந்திபுரம் கோயிலுக்கு அழைத்துப்போக ஏற்பாடாகி, பால்காரர் மாட்டைத் தெருமுனையிலிருந்து ஓட்டிவந்தார். அது காருக்கு நேரே வந்து நின்று, நகரமாட்டேன் என்று சாணி போட்டது. “லட்சுமி!” என்று பெரியம்மா கும்பிட்டார். நான் பொறாமையில் வெந்தேன். கெடில ஆற்றுப் பாலத்தில் கார் இருமியதும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! மாடும் தோற்றுவிட்டது! ஆனால் அந்தச் சந்தோஷத்தின் விலையைச் சித்திதான் கொடுத்தார். சகுனம் மாறியும் இருமல் மாறவில்லையென்றால், மாறாமல் இருப்பது யார்? எல்லோரும் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டார்கள்.

அதன்பிறகு பூசை ஜாஸ்தியானது. சித்தி ஏறினால் வண்டிக்கு ஆகவில்லை, அதனால் சாமியைக் கூடுதலாகக் குளிப்பாட்டு. கூடுதலாகக் குளிப்பாட்டக் குளிப்பாட்ட வண்டி கூடுதலாக இருமியது. இருமல் கூடக்கூட பூசை கூடியது. திருவந்திபுரத்துத் தீர்த்தமும், அபிஷேகப் பாலும்கூடச் சேர்ந்துகொண்டன. இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

புரட்டாசியில் சித்தியின் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் வந்தது. பார்க்கக் கிளம்பினோம். அவசரத்திலும் பூசை தவறவில்லை. ஆலப்பாக்கத்துக்கு அருகே ரயில்வே கேட். கார் இருமிக்கொண்டே தண்டவாளத்தின் மேல் ஏறியது. ஏறி, நின்றது. பெரியப்பா சாவியைத் திருகினார். ‘ர்ர்ர்’ என்று சுற்றியது, பிடிக்கவில்லை. கேட்காரர் கேட்டை மூடப் பச்சைக் கொடியோடு வெளியே வந்து எங்களைப் பார்த்து, கொடியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார்: “யோவ் எறங்குங்கையா! ரயிலு பொறப்பட்டுடுச்சிய்யா!”

கை கால் எல்லாம் அடுத்த வீட்டுக்காரருடையது மாதிரி இருந்தது. சித்திதான் என்னைக் குவளையோடு தூக்கி வெளியே எறிந்தார். எறிந்தார் என்றால் எறிந்தாரேதான். முழங்கையில் தழும்பு இருக்கிறது. சித்தப்பாவும் கேட்காரரும் வயலில் இருந்து ஓடிவந்த நாலைந்து பேரும் தள்ளினார்கள். சித்தியும் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினார். கார் தண்டவாளத்திலிருந்து இறங்கி, நாங்கள் மூச்சு விட்டு, கேட்காரர் கேட்டை இழுத்து மூடி, அதற்கப்புறம்தான் ரயில் வந்தது. அது போன காற்றில் என் பாவாடை முகத்தில் அடித்தது.

ரயில் போனதும் பெரியம்மா பேசிய முதல் வார்த்தை: “குடும்பத்தையே காவு குடுக்க பாத்தியே பொண்ணே.”

சித்தியின் உள்ளங்கை முழுக்கக் கிரீஸ். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் அப்பாவுக்கு வந்தது வெறும் காய்ச்சல்தான், தேறிவிட்டார். தேறாதது எங்கள் வீடு. அடுத்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் தீர்மானம் வந்தது.

“தல தீவாளிக்கு கொண்டுபோயி வுட்டுட்டு வாங்க. அப்பிடியே கொஞ்ச நாளு அங்கயே இருக்கட்டும்” என்றார் பெரியம்மா.

“கொஞ்ச நாளுன்னாக்கா?” என்று என் அம்மா மெதுவாகக் கேட்டார்.

“கொஞ்ச நாளுன்னா கொஞ்ச நாளுதான்.”

எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம் உண்டு. என் நடைவண்டியை ஓர் உறவினருக்குக் ‘கொஞ்ச நாள்’ என்றுதான் கொடுத்தார்கள். இன்னும் வரவில்லை.

எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். அவர் இலையைப் பார்த்தார். பிறகு ரசம் கேட்டார்.

சித்திதான் ஊற்றினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினார். நான் பார்த்த ரசங்களிலேயே பயங்கரமானது அதுதான்.

மறுநாள் தோட்டத்தில் துணி காயப்போடும்போது சித்தி என்னைக் கேட்டார். “பாப்பா, சிதம்பரம் போறப்ப இருமுது. வர்றப்ப ஏன் இருமல? ரெண்டு தடவயும் நான் அதே எடத்துலதான ஒக்காந்திருக்கேன்?”

“வர்றப்ப நம்ம வீட்டுக்கு வர்ற சந்தோஷமாம் சித்தி. பெரிம்மா சொன்னாங்க.”

“யாருக்கு?”

“காருக்கு.”

சித்தி சிரித்தார். ஈரப்புடவையில் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “எங்க வீட்லேருந்து கெளம்புறப்ப யாரு பூச போட்டா?” என்றார்.

“யாரும் போடலியே. ஒங்க அப்பா ‘பாத்து போங்க’ன்னாரு. அவ்ளோதான்.”

சித்தி துணியைக் கொடியில் அப்படியே விட்டுவிட்டார். “கல்யாண வூட்ல யாராவது ஆம்ப்ளிஃபயரு மேல பன்னீர தெளிச்சிட்டாங்கன்னா, அது இப்பிடித்தான் பாப்பா இருமும். கரகரன்னு. அப்பா தொடச்சி வெயில்ல வெப்பாரு. சரியாயிடும்.” சொல்லச்சொல்ல அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. கண்டுபிடித்த சந்தோஷம் அதில் இல்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்ற திகைப்புதான் இருந்தது.

தீபாவளிக்கு முதல்நாள் காலை. பூசை முடிந்து, கறுப்புச் சாமி சந்தனமும் பாலும் சொட்ட உட்கார்ந்திருந்தது. பெரியப்பா இஞ்சினைக் கிளப்பிவிட்டு பானெட்டை மூட வந்தார். சித்தி குறுக்கே வந்து நின்றார். கையில் கல்யாண ஜமக்காளம்.

“மாமா, மூடாதீங்க. ஒரு நிமிசம் இதுக்குள்ள தல நீட்டி பாருங்க. அப்பறம் நான் ஏறுறேன். இல்ல எங்க போவ சொன்னாலும் போறேன்.”

“கெளம்புற நேரத்துல இன்னா வெளையாட்டு இது?” என்றார் பெரியம்மா. “வெளிச்சத்துல தெரியாதுக்கா. இருட்டு வேணும்” என்றார் சித்தி. “விசிறியில மாட்டுனா கை போயிடும்” என்று அப்பா பதற, ஜமக்காளத்தின் ஒரு பக்கத்தை அப்பாவும் மறுபக்கத்தைச் சித்தப்பாவும் உயரத் தூக்கிப் பந்தல் மாதிரி பிடித்தார்கள். தொங்கிய ஓரத்துக்குள் பெரியப்பா தலையை நுழைத்தார். சித்தி நுழைந்தார். அழைக்காமலே நானும் நுழைந்தேன்.

உள்ளே கதகதவென்று இருட்டு. எண்ணெய், சந்தனம், சுட்ட பால் நாற்றம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. கறுப்பு மூடியின் மேல், சந்தனம் ஈரமாகப் படிந்த இடமெல்லாம், ஊதா நூல் நூலாக நெருப்பு ஊர்ந்தது. ஓர் ஒயரின் அடியிலிருந்து இன்னோர் ஒயருக்குத் தாவியது. குங்குமத்தைச் சுற்றி வளைந்து இஞ்சின் இரும்பில் இறங்கி மறைந்தது. பொறி ஒன்று தெறிக்கும் ஒவ்வொரு முறையும் இஞ்சின் விக்கியது. அத்தனை அழகாக இருந்தது. அத்தனை பயமாகவும் இருந்தது.

“பிளக்குக்கு போவ வேண்டிய கரண்ட்டு வழியிலியே ஒழுவுது மாமா” என்றார் சித்தி. “ஈரம் காஞ்சா நிக்கும். புவனகிரிக்குள்ள காஞ்சிடும்.”

அழகாக இருந்தால் தொட்டுப் பார்க்கவேண்டும் என்பது என் கொள்கை. தொட்டேன். யாரோ முழங்கையில் சம்மட்டியால் அடித்த மாதிரி இருந்தது. ஜமக்காளத்தைத் தலையில் போர்த்தியபடி வாசல் பக்கம் போய் விழுந்தேன். அப்பா என்னைத் தூக்கி நிறுத்தி, விரலை எண்ணி, ஓர் அறையும் வைத்தார். இஞ்சினில் இவ்வளவு சக்தி இருப்பதை எங்கள் தெருவுக்கு நிரூபித்தவள் நான்தான் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பெரியப்பா வெளிச்சத்தில் நின்றார். மூக்கு நுனியில் சந்தனம். பிறகு இஞ்சினை நிறுத்தி, பாயைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

பாய் வந்து பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டார். “அன்னிக்கே இத பாத்தேன் மொதலாளி. சாமி மேல கை வெச்சேன்னு பேரு வரக்கூடாதுன்னு அத தொடாம வேல பாத்துட்டேனே!” பெட்ரோல் துணியால் துடைத்ததும் மூடியின் உடம்பில் மயிரிழை போன்ற கரிக்கோடுகள் தெரிந்தன. நெருப்பு ஓடி ஓடிப் போட்ட வழி. இனி ஈரம் இல்லாவிட்டாலும் ஒழுகும் என்றார். புது மூடி, உள்ளே சுற்றும் ரோட்டர், ஐந்து ஒயர் எல்லாம் மாற்றினார். கார் கிளம்பியது. சத்தமே இல்லை.

எல்லோரும் சிரித்தார்கள். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பெரியப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். “நம்ம பக்தி ஜாஸ்தியாயிடுச்சிடா!” பெரியம்மாவும் வாயைப் பொத்திச் சிரித்தார். அம்மா, அப்பா, பாய், பக்கத்து வீட்டு அம்மாள் எல்லோரும். விஷயம் தீர்ந்துவிட்ட நிம்மதி. சித்தி மட்டும் ஜமக்காளத்தை உதறி மடித்துக்கொண்டிருந்தார். “அப்பறம் என்னா, ஏறும்மா, நேரமாவுது” என்றார் பெரியப்பா. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டு மன்னிப்பு அவ்வளவுதான்.

தலை தீபாவளி முடிந்து, பெரியப்பாவும் பெரியம்மாவும் நானும் அழைத்துவரப் போனோம். ‘கொஞ்ச நாள்’ என்ற பேச்சே இப்போது இல்லை. மைக் செட் கடையை ஒட்டிய வீட்டில் எங்களுக்கு அதிரசமும் காப்பியும் கொடுத்தார்கள். சித்தப்பா பெட்டியோடு தயாராக இருந்தார். சித்தி தயாராக இல்லை.

“கெளம்பலியா?” என்றார் பெரியம்மா.

“நான் வரலக்கா.”

பெரியம்மாவுக்குப் புரியவில்லை. “ஏன், ஒடம்பு கிடம்பு சரியில்லியா?”

“நல்லாத்தான் இருக்கேன். வரல.”

“அட, அதான் தப்பு ஒம்மேல இல்லன்னு ஆயிடுச்சே!”

“எப்பக்கா ஆச்சி?”

“அன்னிக்கி… ஜமக்காளம் போட்டு பாத்தமே, அப்ப.”

“அதுக்கு முன்னாடி?”

பெரியம்மா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா காப்பியைப் பார்த்தார்.

“வண்டி இருமுனா நான் ஆவாதவ. வண்டி ஓடுனா நல்லவ. நாளைக்கி மாடு பால் கறக்கல, கடையில யாவாரம் ஆவல. அதுக்கெல்லாம் நான் எங்க போயி ஜமக்காளம் புடிக்கறது?”

குரல் உயரவே இல்லை. அவர் அப்பா ஒரு மூலையில் ஸ்பீக்கர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார், சுற்றுவதை நிறுத்தினார். “சம்மந்தி, அது சின்ன பொண்ணு…” என்று ஆரம்பித்து, மகளின் முகத்தைப் பார்த்து, அங்கேயே விட்டுவிட்டார்.

சித்தி சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா குனிந்து பெட்டியை எடுத்தார். நடந்து வந்து காரில், முன்சீட்டில், உட்கார்ந்தார். சித்தி வாசல் வரைக்கும் வந்து எனக்கு மட்டும் கையாட்டிவிட்டு உள்ளே போனார்.

கார் கிளம்பியது. அப்படி ஓர் ஓட்டத்தை அது அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. எண்ணெயில் வழுக்குவதுபோலப் போனது. “பாத்தியாடா, சத்தமே இல்ல” என்றார் பெரியப்பா. சத்தமே இல்லாததால் சித்தப்பா மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. வெள்ளாற்றுப் பாலம் தாண்டியது. புவனகிரிக் கடைத்தெரு வந்தது.

“அண்ணே, வண்டிய நிறுத்து.”

“ஏன்டா? நல்லாத்தான போவுது?”

“நிறுத்துண்ணே.”

ஓரமாக நின்றது. சித்தப்பா இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு, ஜன்னலில் குனிந்தார். அவர் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதே இல்லை.

“வண்டி நின்னப்பல்லாம் நாந்தான்ண்ணே எறங்கி தள்ளுனேன். அவள அத்தினி பேரும் பேசுனப்ப, ஒரு தடவ கூட நான் எறங்கல.”

சித்தப்பா சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம், சிதம்பரம் பஸ் நிற்கும் பக்கம், போய் நின்றார். பஸ் வந்தது. கூட்டம். படிக்கட்டில் தொங்கியவர்களுக்கு நடுவே முதலில் பெட்டியைத் திணித்து, பிறகு தன்னையும் திணித்துக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் மறைந்த பிறகும் பெரியப்பா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. கடைத்தெருக்காரர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். கடைசியில் அவர் பின்னால் திரும்பினார். பெரியம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். முன்பல் இல்லாத, வாந்தி எடுக்கிற என்னிடம், ஊரே யோசனை கேட்கும் அந்த மனிதர், உண்மையாகவே தெரியாமல் கேட்டார்:

“வண்டிதான் சரியாயிடுச்சே பாப்பா?”